தனியாளாக அறிவியல் புனைவுத் திகில் பாயிண்ட் அண்ட் கிளிக் கேம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வகைக் கேமை முதன்முறையாகச் செய்ய உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளை அவரவர் கேட்ட தொனியிலேயே விட்டிருக்கிறோம். எளியவை மேலே, சிக்கலானவை கீழே. ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. எந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறோம்.

எல்லா கேமும் மவுஸில்தானே ஆடுகிறோம், இதை மட்டும் ஏன் பாயிண்ட் அண்ட் கிளிக் என்கிறார்கள்?

இங்கே மவுஸ் குறிபார்த்துச் சுடுவதற்கு அல்ல. திரையில் ஒரு பொருளைக் கிளிக் செய்தால் பாத்திரம் நடந்துபோய் அதைப் பார்க்கும், எடுக்கும், பையில் இருக்கும் இன்னொன்றோடு சேர்க்கும். 1987இல் வந்த மேனியாக் மேன்ஷனில் திரையின் அடியில் வினைச்சொற்களின் பட்டியலே இருந்தது. இப்போது பெரும்பாலும் இடது கிளிக் என்றால் செய், வலது கிளிக் என்றால் பார். அவ்வளவுதான்.

அறிவியல் புனைவும் திகிலும் சேர்ந்த கிளையில் மூன்றை ஆடிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டார்க் சீட் (1992), பென் க்ராஷாவின் 7 டேஸ் எ ஸ்கெப்டிக் (2004), ஸ்டேசிஸ் (2015). இரண்டாவது இலவசம், ஒரே ஆள் செய்தது. மூன்றாவதைத் தென்னாப்பிரிக்காவின் பிஷாஃப் சகோதரர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிச் செய்தார்கள். நெப்டியூன் பக்கம் மிதக்கும் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில், மனைவியும் மகளும் எங்கே என்று தெரியாமல் விழித்தெழும் ஒருவனின் கதை.

எந்த எஞ்சின் எடுக்கலாம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எஞ்சின் என்பது கேமைக் கட்டி ஓட வைக்கும் மென்பொருள். நிரல் அனுபவம் குறைவு என்றால் அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ, சுருக்கமாக ஏஜிஎஸ். இலவசம்; மூலநிரல் 2011 முதல் திறந்தே இருக்கிறது. பாத்திரம் நடக்கும் நடைவெளி, பாத்திரத்தை மறைக்கும் முன்பகுதி, கிளிக் செய்யக்கூடிய இடமான ஹாட்ஸ்பாட், பை, உரையாடல், சேவ் எல்லாம் தயாராக வருகின்றன. ஜெமினி ரூ, பிரைமோர்டியா, டெக்னோபேபிலன் மூன்றும் இதில் செய்தவை. எடிட்டர் விண்டோஸில் மட்டும் ஓடும் என்பது ஒரு குறை. செய்து முடித்த கேம் லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டிலும் ஓடும்.

ஸ்டேசிஸ் செய்தது விஷனேர் ஸ்டுடியோவில். பெரிய படங்களை நன்றாகக் கையாளும், லுவா என்ற நிரல் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம், ஆனால் விற்கும் கேமுக்கு உரிமம் வாங்க வேண்டும். கோடோ எஞ்சின் தெரிந்தவர்களுக்குப் போபோச்சியு என்ற இணைப்பும், யூனிட்டி தெரிந்தவர்களுக்குப் பவர்குவெஸ்டும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் முதல் சோதனை ஒன்றுதான்: ஒரு அறை, ஒரு பூட்டிய கதவு, அதைத் திறக்கும் ஒரு பொருள். இதை ஒரு வாரத்துக்குள் ஓட வைக்க முடிந்தால் அதுதான் உங்கள் எஞ்சின், மேலே தேடாதீர்கள். தமிழில் வசனம் காட்டும் எண்ணம் இருந்தால் மட்டும், முடிவெடுக்கும் முன் கீழே தமிழ் எழுத்து பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள்.

மனதில் நாற்பது அறை இருக்கிறது. முதல் கேமுக்கு அதிகமா?

அதிகம். ஒரு அறைக்குச் சராசரியாகப் பத்து ஹாட்ஸ்பாட், ஒவ்வொன்றுக்கும் பார், செய் என்று இரண்டு பதில். நாற்பது அறைக்கு 800 வரி. இதில் உரையாடலும் இல்லை, கதையும் இல்லை. ஆறு முதல் எட்டு அறை, இரண்டு மூன்று பாத்திரம், நாற்பது நிமிட ஆட்டம் என்று வையுங்கள். ஏஜிஎஸ் சமூகத்தில் மாதாமாதம் நடக்கும் மேக்ஸ் போட்டிக்கு வரும் பல கேம்கள் இந்த அளவுதான்.

அறையைக் குறைப்பது இந்த வகையில் இழப்பும் அல்ல. ஒரே அறையை மூன்று நிலையில் காட்டுங்கள்: முழு வெளிச்சம், அவசரச் சிவப்பு விளக்கு, மின்சாரம் போன பிறகு. ஆட்டக்காரருக்குப் பழகிய அறையில் நாற்காலி ஒன்று திரும்பியிருந்தால் அவர் கவனிப்பார். புதிய அறையில் எலும்புக்கூடே கிடந்தாலும் அது வெறும் அலங்காரம்தான். இதற்காகவே வெளிச்சத்தைப் பின்னணிப் படத்தோடு சேர்த்து வரையாமல் தனி அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசல்யூஷன் எவ்வளவு வைப்பது? நடக்கும்போது கால் வழுக்குகிறதே, அது ஏன்?

பிக்சல் பாணி என்றால் 320×180 அல்லது 640×360. முதலாவது ஆறு மடங்கிலும் இரண்டாவது மூன்று மடங்கிலும் 1920×1080 திரையை மிச்சமில்லாமல் நிரப்பும். பழைய 320×200 அப்படி நிரம்பாது. ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும், அல்லது பிக்சல்கள் ஒன்று போல இல்லாமல் நசுங்கும். 180 உயரத்தில் நிற்கும் ஆள் 50 பிக்சல் இருந்தால் போதும். நான்கு திசை நடைக்கு எட்டு ஃபிரேம் வீதம் மூன்று திசை வரைந்து, இடப்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம். விண்வெளி உடையின் மார்பில் எழுத்தோ, ஒரு தோளில் மட்டும் விளக்கோ இருந்தால் திருப்பும்போது பக்கம் மாறிவிடும். அவற்றை நடுவில் வையுங்கள், அல்லது வைக்கவே வேண்டாம்.

கால் வழுக்குவது ஒரு கணக்குப் பிழை. தரையில் ஊன்றிய பாதம் ஒரு ஃபிரேமுக்கு மூன்று பிக்சல் பின்னால் போகிறது என்றால், பாத்திரமும் ஒரு ஃபிரேமுக்கு மூன்று பிக்சல்தான் முன்னால் நகர வேண்டும். ஏஜிஎஸ்ஸில் நகர்வை அசைவோடு இணைக்கும் அமைப்பு பாத்திரத்தின் பண்புகளில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் வழுக்கும். தூரத்தில் ஆள் சிறிதாகும் அறைகளில் வேகமும் அதே விகிதத்தில் குறையும்படி அமைக்க மறந்தாலும் இதே கதைதான்.

கிளிக் செய்யாமல் எதுவுமே நடக்காத கேமில் பயம் எப்படி வரும்?

அதனால்தான் வரும். ஓடித் தப்பிக்கும் கேமில் பயம் ஆட்டக்காரரைத் தேடி வருகிறது. இங்கே அவரே தன் விரலால் அதை நடத்தி வைக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்குப் பாதி தெரியும். திறக்காமல் கதை நகராது என்பது முழுதாகத் தெரியும். அந்த இடைவெளியில் கர்சர் தயங்கி நிற்கிறதே, அந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் உருவாக்க வேண்டும். கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்து கிளைத்தவை.

செய்முறையில் இப்படி. காற்றுக் குழாய்க்குள் விழுந்த சாவி அட்டையை எடுக்க வேண்டும். ஒரே கிளிக்கில் எடுக்க விட்டால் அது வெறும் வேலை. மூன்றாக உடையுங்கள்: மூடியைக் கழற்று, உள்ளே பார், கையை விடு. முதல் இரண்டும் ஆபத்தில்லாதவை. இரண்டாவதில் வரும் வரி எதையும் விளக்காமல் ஒரு தகவலை மட்டும் தரட்டும்: "அட்டை தெரிகிறது. அதற்கப்பால் குழாய் ஈரமாக இருக்கிறது." மூன்றாவதில் கர்சரின் பக்கத்தில் "கையை விடு" என்ற இரண்டு சொல் தோன்றினாலே பாதி வேலை முடிந்தது. கிளிக்குக்குப் பிறகு கை உள்ளே போக இரண்டு மூன்று வினாடி எடுக்கட்டும். அந்த நேரம் தவிர்க்க முடியாததாக இருக்கட்டும். கை அட்டையோடு பத்திரமாகத் திரும்பி வரலாம். வரவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் கடித்தால் அடுத்த குழாயில் பயம் இருக்காது, அலுப்புதான் இருக்கும்.

திடீரென அலறி முகத்தில் பாயும் காட்சி நாற்பது நிமிடத்துக்கு ஒன்று போதும். ஆட்டக்காரர் எதையாவது வாசித்துக்கொண்டிருக்கும்போது அதை வைக்கவே கூடாது. அடுத்த குறிப்பை அவர் நிம்மதியாக வாசிக்கமாட்டார், உங்கள் கதை முழுக்க அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும்.

நன்றாக இருட்டாக வரைந்தேன். பயமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

உங்கள் திரையில் தெரியும் கருநீலமும் கருஞ்சாம்பலும் மலிவான மடிக்கணினித் திரையில் ஒரே கறுப்பு. 0 முதல் 255 வரையிலான ஒளி அளவில் 16க்குக் கீழே எந்தத் தகவலையும் வைக்காதீர்கள். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, விரல் நீளத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். வெளியேறும் வழியும் அறையின் முக்கியப் பொருளும் அப்போதும் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ஆட்டக்காரர் திரை முழுக்க மவுஸைத் தேய்த்துத் தேடுவார், அந்த நிமிடமே பயம் செத்துவிடும். ஸ்பேஸ் பட்டையை அழுத்தினால் எல்லா ஹாட்ஸ்பாட்டும் மின்னும் வசதி வையுங்கள். அது கேமை எளிதாக்கிவிடும் என்ற கவலை வீண். எங்கே கிளிக் செய்வது என்பது புதிர் அல்ல, செய்வதா என்பதுதான்.

மினுங்கும் விளக்கு வைக்கிறீர்களா? ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட வேண்டாம். ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது உண்மையான ஆபத்து. அமைப்புகளில் அதை அணைக்கும் பொத்தானும் இருக்கட்டும்.

இசை போடத் தெரியாது. இசை இல்லாமல் திகில் எடுபடுமா?

எடுபடும். இசையை விட அறையின் ஓசைதான் இதில் வேலை செய்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தனியாக 30 முதல் 60 வினாடி சுழலும் ஒரு ஓசை: காற்றோட்ட விசிறி, தொலைவில் பம்ப், உலோகம் சுருங்கும் சத்தம். சுழலும் ஒலியை ஓஜிஜி வடிவில் வையுங்கள். எம்பி3யில் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடறல் கேட்கும்.

ஆழமான உறுமல் வேண்டுமென்று 40 ஹெர்ட்ஸில் ஓசை போடுபவர்கள் அதிகம். மடிக்கணினி ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. அதே ஓசையின் மேல் 120, 160 ஹெர்ட்ஸ் பகுதியையும் சேர்த்தால் காது அடிப்பகுதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். இன்னொன்று, ஓசையை நிறுத்துவதும் ஓர் ஓசை. பத்து நிமிடமாக ஓடிய விசிறி, கையை விடும் அந்தக் கிளிக்கில் நின்றால் போதும். கப்பலுக்கு வெளியே நடக்கும் காட்சியில் வெற்றிடம் ஒலியைக் கடத்தாது. உடைக்குள் மூச்சும், பூட்ஸ் வழியாக உடம்புக்கு வரும் அதிர்வும் மட்டும் கேட்கட்டும்.

துரத்தல் காட்சி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கடிகாரத்தை நம்பி வைக்காதீர்கள். கிளிக் செய்ததும் பாத்திரம் வழி கண்டுபிடித்து, மேசையைச் சுற்றி, தன் வேகத்தில்தான் நடக்கும். அந்தத் தாமதத்தில் செத்தால் ஆட்டக்காரர் துரத்தும் உயிரியைத் திட்டமாட்டார், உங்களைத் திட்டுவார். செயல்களை எண்ணுங்கள். அது மூன்று செயல் தூரத்தில் இருக்கிறது. கதவை மூடுவது ஒன்று, நெம்புகோலை இழுப்பது ஒன்று, பார்ப்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் அதன் சத்தம் ஒரு படி நெருங்கட்டும். யோசிக்க நேரம் இருக்கிறது, தப்பிக்க இல்லை. உண்மையான நேரத்தில்தான் வேண்டும் என்றால், சோதிப்பவர்களில் மிக மெதுவானவர் எடுத்த நேரத்துக்கும் மேல் கொஞ்சம் விடுங்கள்.

ஆட்டக்காரர் சாகலாமா, கூடாதா? இதில் இரண்டு கட்சி இருக்கிறதே.

சாகலாம். முட்டுச்சந்தில் மாட்டக் கூடாது. டார்க் சீட் மூன்று நாள் கதை. அதில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், குறித்த வேளையில் ஒன்றைச் செய்யத் தவறினால் பிறகு வழி அடைபட்டுவிடும், ஆனால் கேம் அதைச் சொல்லாது. சுவிஸ் ஓவியர் எச்.ஆர். கீகரின் ஓவியங்களுக்காக அதை இன்றும் பார்க்கிறார்கள். முடிக்கும்போது கையில் வழிகாட்டியோடுதான் முடிக்கிறார்கள். செத்தால் இரண்டு வினாடிக்குள் அந்தக் கிளிக்குக்கு முந்தைய நொடிக்குத் திரும்ப வேண்டும். விதவிதமான சாவுகளைத் தேடிப் பார்க்கும் ஆசையையும் அதுவே கொடுக்கும்.

தானியங்கிச் சேவ் வைக்கும்போது ஏஜிஎஸ்ஸில் ஒரு பொறி உண்டு. சேவ் கட்டளை எழுதிய இடத்திலேயே நடக்காது. அந்த ஸ்கிரிப்ட் முழுதாக முடிந்த பிறகே நடக்கும். ஒரே செயல்கூற்றில் முதலில் சேவ், பிறகு சாவு என்று எழுதினால், செத்த நிலைதான் சேவ் ஆகும். அறைக்குள் நுழையும்போதே தனி இடத்தில் சேவ் செய்துவிடுங்கள். ஆட்டக்காரர் கையால் வைத்த சேவை அது அழிக்கக் கூடாது.

விண்கலத்தில் சாவி தேடுவதும் கம்பியை வளைப்பதும் அபத்தமாக இருக்கிறது. நல்ல புதிர் எங்கிருந்து கிடைக்கும்?

கப்பலிலிருந்துதான். காற்று, வெப்பம், மின்சாரம், அழுத்தம், தகவல் என்று ஐந்து அமைப்புகளை எழுதி, ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும் என்று கேளுங்கள். 1970இல் அப்பல்லோ 13இல் நடந்தது இந்த வகைப் புதிரின் உச்சம். கரியமில வாயுவை உறிஞ்சும் குப்பிகள் கட்டளைக் கலத்தில் சதுரம், நிலவுக் கலத்தில் துளை வட்டம். பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, உடையின் குழாய், ஒட்டும் நாடா ஆகியவற்றைச் சேர்த்துத்தான் சதுரத்தை வட்டத்தில் பொருத்தினார்கள். பொருள்கள் எல்லாம் கண் முன்னால் இருந்தவை, இலக்கு தெளிவு, தவறினால் விளைவும் தெளிவு. ஒரு நல்ல புதிருக்கு இந்த மூன்றும் வேண்டும்.

முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். தப்பிக்கும் கலம் வேண்டும், அதற்கு மின்சாரம், அதற்கு உருகி, உருகி பிணவறையில். இதைப் பெட்டியும் கோடுமாக வரைந்தால் சார்பு வரைபடம் கிடைக்கும். ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று புதிர்கள் திறந்திருக்கட்டும். ஒன்றுதான் என்றால் மாட்டிக்கொண்டவர் கேமை மூடிவிடுவார். ஐந்தாறு என்றால் பயம் வரும் வரிசை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

"ரேடியோவில் உதவி கேட்க வேண்டியதுதானே?" என்று ஆடுபவர்கள் கேட்கிறார்கள்.

கேட்க விடுங்கள். நெப்டியூன் சூரியனிலிருந்து பூமியைப் போல 30 மடங்கு தூரம். அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வர ஏறத்தாழ நான்கு மணி நேரம், பதில் திரும்ப இன்னொரு நான்கு. செய்தி அனுப்பும் ஹாட்ஸ்பாட் வையுங்கள், அது வேலையும் செய்யட்டும். கேம் முடியும் தறுவாயில் பதில் வந்தால், ஆட்டக்காரர் தானே அனுப்பி மறந்துபோன ஒன்று அவரிடம் திரும்பி வருகிறது.

பையில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் போட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை பதில்தான் எழுதுவது?

பன்னிரண்டு பொருள், எண்பது ஹாட்ஸ்பாட் என்றால் 960 சேர்க்கை. எழுத வேண்டாம். பொருளுக்கு இரண்டு பொது மறுப்பு வீதம் 24 வரி; அறிவுள்ள ஆள் முயலக்கூடிய தவறான சேர்க்கைகளுக்கு மட்டும் தனி வரி. அந்தத் தனி வரி ஏன் நடக்காது என்று சொன்னால் அதுவே குறிப்பாகிவிடும்: "கடப்பாரை நுழையும், ஆனால் அந்தப் பக்கம் காற்று இல்லை." பையில் ஒரே நேரத்தில் ஏழுக்கு மேல் சேராமல், பயன் முடிந்ததைக் கழித்துவிடுங்கள்.

செத்தவர்களின் குறிப்பேடுகளை வைத்தே கதை சொல்லலாமா?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதுதான் சிக்கல். ஒரு குறிப்பு 80 சொல்லுக்குள் இருக்கட்டும். எழுதியவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியக் கூடாது. சாகும் நொடி வரை தட்டச்சு செய்துகொண்டிருந்த விஞ்ஞானி சிரிப்பைத்தான் வரவழைப்பார். விடுப்பு கேட்டு எழுதிய விண்ணப்பம், சமையலறையில் பொருள் குறைகிறது என்ற புகார் போன்றவை அதிகம் பேசும். ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு புதிருக்கான தகவல் ஒன்றாவது இருந்தால் வாசிப்பார்கள்.

தமிழில் வசனம் போட்டால் கொம்பு தள்ளி நிற்கிறது, எழுத்து உடைகிறது. என்ன செய்வது?

யூனிகோடில் "கெ" என்பதில் முதலில் ககரம், பிறகு கொம்பு சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது எழுத்துருவை ஒழுங்குபடுத்தும் மென்பொருளின் வேலை. கோடோ 4இல் அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃபபஸ் உள்ளேயே இருப்பதால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைச் சேர்த்தாலே சரியாக வரும். ஏஜிஎஸ் 3.6 யூனிகோடை ஏற்கும், ஆனால் இந்த ஒழுங்குபடுத்தலைச் செய்யாது. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் புரோவும் தானாகச் செய்யாது. முழுக் கேமும் தமிழில் என்றால் கோடோவே நிம்மதி.

ஏஜிஎஸ்ஸை விட மனமில்லை என்றால் பழைய வழி ஒன்று உண்டு: பாமினி போன்ற, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும் எழுத்துரு. யூனிகோடில் எழுதி, கடைசியில் மாற்றியில் போட்டு, மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒட்டுங்கள். அதிலும் கண்ணி இருக்கிறது. பாமினியில் "ஜ" இருப்பது திறக்கும் சதுர அடைப்புக்குறியின் இடத்தில். ஏஜிஎஸ்ஸுக்கு அந்தக் குறி என்றால் அடுத்த வரி. "மூ" இருப்பது சதவீதக் குறியின் இடத்தில். "மூன்று" என்று எழுதினால் எஞ்சின் அதை எண் நிரப்பும் இடமாக எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறிக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு இடுங்கள், சதவீதக் குறியை இரட்டையாக்குங்கள்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் பாணி வைத்திருந்தால் இன்னொரு கோளாறு வரும்: "க்" என்பது முதலில் "க" என்று தோன்றி, பிறகு புள்ளி ஏறும். குறியெண்ணை எண்ணாமல், முழு எழுத்தாக வெட்டி வைத்துக் காட்டுங்கள். 320×180இல் தமிழ் எழுத்து குழம்பும். 640×360க்குப் போங்கள், அல்லது வசனத்தை மட்டும் திரையின் முழு நுணுக்கத்தில் வரையுங்கள்.

அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் பிணம் பழைய இடத்திலேயே இருக்கிறது, திறந்த கதவு மூடியிருக்கிறது. பேயா?

அறையின் எண்ணைப் பாருங்கள். ஏஜிஎஸ்ஸில் 300 வரை எண்ணிட்ட அறைகள்தான் தங்கள் நிலையை நினைவில் வைக்கும். அதற்கு மேல் உள்ளவை நுழையும்போதெல்லாம் புதிதாகத் தொடங்கும். வெட்டுக்காட்சிகளுக்கும் தலைப்புத் திரைக்கும் அவை வசதி. எண் சரி என்றால், நிலையை அமைக்கும் வரிகளை முதல் நுழைவுக்கான நிகழ்வில் போடாமல், ஒவ்வொரு நுழைவுக்கும் ஓடும் நிகழ்வில் போட்டிருப்பீர்கள்.

ஒரு பிழையைத் திருத்திப் புதிய பதிப்பு விட்டேன். எல்லாருடைய சேவும் திறக்க மறுக்கிறது.

ஏஜிஎஸ்ஸின் சேவ் கோப்பு கேமின் அமைப்போடு பின்னிப் பிணைந்தது. பொருளோ பாத்திரமோ உலகளாவிய மாறியோ கூடினால் பொதுவாகப் பழைய சேவ் ஒத்துப்போகாது. வெளியிடும் முன்பே ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று வெற்றுப் பொருள்களையும், பொதுவில் பத்து வெற்று மாறிகளையும் சேர்த்து வையுங்கள். திருத்தம் வந்தால் அவற்றைப் பயன்படுத்தலாம். கேமை அத்தியாயங்களாகப் பிரித்து, அத்தியாயத் தேர்வு வைப்பது இன்னும் பாதுகாப்பு.

நாற்பது நிமிடக் கேமை ஸ்டீமில் விற்றால், ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட மாட்டார்களா?

கேட்க முடியும். வாங்கி 14 நாளுக்குள், ஆட்டம் இரண்டு மணிக்குள் என்றால் ஸ்டீம் திருப்பித் தரும். அதைத் தவிர்க்கக் கேமை இழுத்து நீட்டாதீர்கள். திகிலில் நீட்டிய இடம் உடனே தெரியும். முதல் கேமை இட்ச் தளத்தில் இலவசமாகவோ விரும்பிய விலைக்கோ விடுங்கள். அங்கே பதிவுக் கட்டணம் இல்லை, தளத்துக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் நீங்களே வைக்கலாம். அறை எண்ணிக்கை கூடிய அடுத்த கேமை ஸ்டீமுக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். வருவாய் 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்ப வரும். பணம் கட்டியதிலிருந்து 30 நாள் கழித்தே வெளியிடலாம், விரைவில் வருகிறது என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும். டெமோ விடுவதானால் முதல் மூன்று அறையை அப்படியே வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டக்காரர் கதவின் மேல் கிளிக் செய்கிறார், நடக்கிறார், கை பிடியில் படுகிறது. டெமோ அங்கே நிற்கட்டும், விருப்பப் பட்டியலில் சேர்க்கும் பொத்தான் அந்தத் திரையிலேயே இருக்கட்டும்.